அழிசியார்க்கு ஒரு மறுப்பாளர்

வெண்கோட்டு நாடாளும் அரசி நன்முல்லை, கழிமுனைத் தீவின் காவலர் கீரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் அலை அடங்குக. கலங்கள் கரை சேர்க.

உம் தீவில் உறையும் கணியர் அழிசியாரின் வரலாற்றை நீர் முழுதும் அறியீர் ஆதலின் உரைக்கின்றோம். எந்தை ஒரு மண்டபம் எழுப்ப எண்ணி, எட்டுத் திக்கின் பொருட்டு, சம வரிசைகளாகச் சரியாக எட்டு வகையில் நிறுத்தத்தக்க மிகக் குறைந்த தூண்கள் எத்தனை என வினவினார். தலைமைக் கணியர் பெருஞ்சாத்தனார், இரண்டையும் மூன்றையும் ஐந்தையும் பெருக்கி முப்பது என்றார். அவை தலையசைத்தது. முப்பதையும் செதுக்கி நட்டபின், வெளிநாடு சென்று மீண்ட அழிசியார் அவையில் எழுந்து, "இருபத்து நான்கே போதும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என எட்டு எண்கள் அதனை மீதியின்றி வகுக்குமே" என்றார். பலர் முன் நாணமுற்ற எந்தை, அவரைத் தீவுக்கு அனுப்பிவிட்டார்.

எந்தை மறைந்தபின் அவரை அழைத்துவரத் தூதரை விடுத்தோம். அழிசியார் மணலில் கிளிஞ்சல்களைப் பரப்பி அமர்ந்திருந்தார். விடுதலை பற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை. தூதரின் கையைப் பற்றி அருகே இருத்தி, ஐந்து வகைக்குப் பதினாறு, ஏழுக்கு அறுபத்து நான்கு, பதினொன்றுக்கு ஆயிரத்து இருபத்து நான்கு என்றும், இத்தகைய பகா எண்களுக்கு இரண்டு மட்டுமே தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு போகும், வேறெந்த எண்ணும் கூட வாராது என்றும் பொழுது சாயும்வரை சொன்னார். இருபத்து நான்கு வகைக்கு நானூற்று இருபது என்றும் சொன்னார். தூதர் எல்லாவற்றுக்கும் "ஆம் ஐயா" என்றார்.

அழிசியாரின் முகம் வாடிற்று. "இங்கே பேச ஆளில்லை. அங்கே வந்தாலோ, அரசியின் அன்பைக் கண்டு எல்லாரும் ஆம் ஆம் என்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான், போய் வாரும்" என்று கலமேற மறுத்துவிட்டார்.

தூதர் இதனை அவையில் உரைத்தபோது, தூண்கள் நட்ட நாள் தொட்டு எவரோடும் வாதிடாது ஒடுங்கியிருந்த பெருஞ்சாத்தனார் துள்ளி எழுந்தார். "நானூற்று இருபதா? முந்நூற்று அறுபது போதுமே! அழிசியா தவறினான்?" என்று சிரித்தவர், சிரிக்கும்போதே கண் கலங்கி, தம்மைத் தீவுக்கு விடுக்குமாறு வேண்டினார்.

ஆதலின் இக்கலத்தில் அவர் வருகின்றார். முதியவர்; கைதந்து இறக்குக. அழிசியாரின் குடிலுக்குக் கூப்பிடு தொலைவில் மற்றொரு குடில் அமைக்க. இருவரும் எத்துணை உரக்கச் சண்டையிடினும், காவலர் எவரும் இடைபுகுந்து விலக்கலாகாது. இது நம் ஆணை. பிறைமுத்திரை இட்டோம்.