ராஜசபை ஓட்டலும் பஷீர் பாயின் அடுப்பும்

ஜூன் 7, திங்கள்
காற்று. ஒரே புழுதி. மண்ணரையில் திறக்கப்போகும் எங்கள் ஓட்டலுக்குப் பெயர்ப்பலகை வந்து சேர்ந்தது. 'ராஜசபை'. பக்கத்தில் கிரீடத்தோடு சினிமா நடிகரின் படம், ஆளுயரத்துக்கு. ஓட்டலில் அவருக்கும் பங்கு. அவருடைய ராஜா படங்களில் வருகிற மாதிரியே உள்ளே தூண், திரைச்சீலை. பரிமாறுகிறவர்களுக்குக் கிரீடம், மந்திரி வேஷம். மேனேஜர் நான்.
வாங்க வேண்டியது: வாழை இலை, ஜிகினா, ஊசி நூல் (ஒரு மந்திரிக்கு இடுப்பு பத்தவில்லை).
பஷீர் பாய் (இனி ப.) சமையலுக்கு வந்துவிட்டார். பனியன் கம்பெனி ஆட்களுக்குப் பதினோரு வருஷம் சோறு போட்ட கடையை நேற்றோடு மூடிவிட்டார். இடம் பட்டன் வியாபாரிக்குப் போயாயிற்று. நான்தான் விடாமல் பேசி இழுத்தேன்.

ஜூன் 20, ஞாயிறு
திறப்பு விழா. அப்படி ஒரு கூட்டம். ஏறி நின்று பார்த்ததில் பக்கத்து வீட்டு ஓடெல்லாம் போச்சு. நடிகர் நேரில் குள்ளம். ப. வைத்த கறிக்குழம்பைத் தொடவில்லை, வயிற்றுக் கோளாறாம். தயிர்சாதம் இரண்டு வாய். பல்லடத்திலும் அவிநாசியிலும் கிளை என்று மேடையிலேயே அறிவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 3, சனி
இரண்டு கிளையும் திறந்தாயிற்று. நடிகரின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். புது உத்தரவு: கேட்டால்தான் பரிமாற வேண்டும். 'போதும்' என்றால் உடனே நகர்ந்துவிட வேண்டும். அதுதான் அரண்மனை மரியாதையாம்.
நம் பக்கத்தில் முதல் 'போதும்' சும்மா மரியாதைக்கு. கையால் இலையை மறித்தாலும் ஒரு கரண்டி விழ வேண்டும். மூன்றாவதாகச் சொல்வதுதான் நிஜப் போதும். வாய்விட்டுக் கேட்டு வாங்குவது கேவலம். எனக்குத் தெரியாததா?
ப. காதோரம் வந்தார். "அவருகிட்டச் சொல்லிப் போடுங்க. இப்படிப் பண்ணுனா பசியோட எந்திரிச்சுப் போயிருவாங்க."
சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.
"ஆகட்டுங்க சார்" என்றேன். பெரிய மனுஷர் முகத்துக்கு நேரே எப்படி மறுத்துப் பேசுவது? வெட்கங்கெட்ட வாய்.

ஆகஸ்ட் 11, புதன்
தூறல். பல்வலி. மத்தியானம் ஏழே இலை. எல்லோரும் வேடிக்கை பார்க்க ஒரு தடவை வந்ததோடு சரி. கை கழுவும் இடத்தில் இரண்டு விவசாயிகள்:
"கிரீடம் வெச்சவருகிட்ட இன்னொரு கரண்டி எப்படிங்க கேக்கறது?"
"வாங்க, எதுத்தாப்புல ரெண்டு இட்லி தின்னுட்டுப் போலாம்."
"சாப்பாடு எப்படி இருந்துச்சுங்க?" என்று போய்க் கேட்டேன்.
"ரொம்ப அருமைங்க!"
மீந்த குழம்பைப் பார்த்தபடியே ப. நின்றார். உத்தரவை மாற்றச் சொல்லி மெட்ராஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய ஆவல்' வரைதான் வந்தது.

செப்டம்பர் 24, வெள்ளி
போன வாரம் அவிநாசி. இன்று பல்லடம். ஞாயிறோடு மண்ணரையும் மூடல். மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால். நடிகருக்குப் பெயர் கெடுகிறதாம், படத்தை உடனே இறக்க வேண்டுமாம். நாலு பேர் பிடித்து இறக்கினோம். மந்திரி உடுப்பெல்லாம் மூட்டையில்.
போனில் சூப்பர்வைசர்: "உங்க ஊர்க்காரங்களுக்கு வயிறு சின்னது போல!"
அதற்கும் சிரித்து வைத்தேன். சீ.

செப்டம்பர் 28, செவ்வாய்
வெயில். காலையில் ப. வீடு. சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முழங்கை வரைக்கும் நீலம். டீ கொடுத்தார். சின்னதாக ஒரு கடை, நாம் இரண்டு பேர் மட்டும், வேஷம் கீஷம் வேண்டாம் என்று பேசிக்கொண்டே போனேன். முடிக்கும் வரை கேட்டார்.
"உங்க பேச்சைக் கேட்டு ஒருக்கா அடுப்பை அணைச்சுப் போட்டனுங்க. அன்னிக்கு அந்த சூப்பர்வைசருகிட்ட எனக்காவ நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கோணும்."
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தார். கிளம்பும்போது மரியாதைக்கு 'வரட்டுங்களா' என்றுகூடக் கேட்கவில்லை.