இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியவன்

கரப்பான் நாற்றம் இன்னும் விரல்களில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். காலையில் எங்கள் வீட்டு வைஃபை ரௌட்டரைக் கழற்றித் திறந்து பார்த்தேன். சூட்டுக்கு இதமாக உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. பழுப்பு முட்டைக் கூடுகள், மிளகுத் தூள் தூவியதுபோல் எச்சம். குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதைவிட என்னை நினைத்தால்தான் அதிகம் குமட்டுகிறது. நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன்.

எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டின் பாம் ஷெல்டர் உனக்கு நினைவிருக்கும். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறையில் நாங்கள் பழைய மின்விசிறியும் முறுக்கு டின்னும் போட்டு வைத்திருந்தோம். கனத்த கான்கிரீட் சுவர், அதைவிடக் கனத்த இரும்புக் கதவு. இணைய ஒயர் அங்கே வந்து முடிந்ததால் ரௌட்டரும் அங்கேயே. ஹாலில் ஒயர் தொங்கினால் அசிங்கம் என்று சொன்னவன் நான்தான். உள்ளே பூஞ்சை பிடிக்குமே என்று கதவை எப்போதும் ஒரு சாண் திறந்தே வைத்திருப்போம்.

சனிக்கிழமை மாலைகளில் நீ தீவின் கிழக்குக் கோடியில் பாசிர் ரிஸ்ஸில், நான் இங்கே, நடுவில் இணையத்தில் ஒரு லூடோ. மாதா கோயில் பாடகர் குழுவில் அருகருகே நின்று பாடிய இரண்டு வழுக்கைத் தலைகள், காயை வெட்டியதற்குச் சின்னப் பிள்ளைகள்போல் கத்திக்கொண்டோம். "வெட்டிட்டேன்டா, அழு!" என்பாய். நான் தோற்கும்போதெல்லாம் ஆட்டம் ஒழுங்காக முடியும். நான் ஜெயிக்கப் போகும்போது மட்டும் திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்து நிற்கும். யாருடைய இணைப்பு என்று அது சொல்லாது. எனக்கு அது சொல்லத் தேவையும் இருக்கவில்லை; உன்னுடையதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

நீ என்னவெல்லாம் செய்து பார்த்தாய்! ரௌட்டரை மாற்றினாய். இணையக் கம்பெனிக்கு போன் போட்டு, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று அவர்கள் சொல்வதையே திரும்பத் திரும்பக் கேட்டாய். கடைசியில் தேக்கா பக்கம் ஒரு கடையில் நீளமான நீல ஒயர் வாங்கி, ரௌட்டரிலிருந்து கணினிக்கு நேராக இழுத்து, சுவரோரம் ஒட்டிப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். செய்யாத குற்றத்துக்கு சாட்சி காட்டுகிறவன் மாதிரி. அப்படியும் அறுந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாய். "உனக்கும் ஒண்ணு வாங்கினேன்டா. உன் வீட்டு லைனையும் ஒரு தடவ செக் பண்ணிப் பாரேன்."

"என் லைன்ல ஒண்ணும் இல்ல லா. என் மக ஆபீஸ் வேலையே அதுலதான் பாக்குறா," என்றேன். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே ஷெல்டரில் எறிந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அறுந்தது. அன்றுதான் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்க்க எழுதினேன்: "தோக்கப் போறப்பல்லாம் லைனைப் பிடுங்குறவன் கூட எப்படி விளையாடுறது?" சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நீ எனக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டாய்: "நான் பிடுங்கலடா. சரி, எல்லாத்துலயும் நீ ஜெயிச்சதா வச்சுக்க."

வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு நீ ஆட வரவில்லை. பாடும்போதும் இரண்டு பேர் தள்ளி நின்றாய். நாலு மாதத்தில் மாரடைப்பு. உன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், உன் பெட்டிக்கு முன்னால் நின்று சத்தமாக ஜெபமாலை சொன்னேன். சீ, என்ன வாய் இது.

முந்தாநாள் மகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். நான் முறுக்கு எடுக்க ஷெல்டருக்குப் போனேன். கரப்பான் ஒன்று காலில் ஏறியது. உதறித் தள்ளிவிட்டு, அது பின்னாலேயே வந்துவிடக் கூடாது என்று, முறுக்கு எடுத்தால் எப்போதும் செய்வதுபோல இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருகினேன்.

"அப்பா! வைஃபை போச்சு! என்ன பண்ணீங்க?"

கதவைத் திறந்தேன், வந்தது. சாத்தினேன், போனது. மறுபடி திறந்தேன், வந்தது. ஆட்டத்தில் ஜெயிக்கப் போகிறேன் என்றால்தான் எனக்கு முறுக்கு வேண்டும். தோற்கும்போது இடத்தைவிட்டு எழமாட்டேன். தின்று முடித்து டின்னைத் திரும்ப வைக்கும்போது கதவை மறுபடி ஒரு சாண் விட்டு வருவேன். நீ லைனைச் செக் பண்ணச் சொன்னது இந்த மூன்று நிமிட வேலையைத்தான்.

அதே குழுவில் எழுதினேன்: "அவன் பிடுங்கல. தப்பு என் வீட்டுல." சில கட்டைவிரல்கள் வந்தன. யாரோ ஒருவர் சிரிப்பு முகம் போட்டார். அன்று நீ தனியாக உட்கார்ந்து பார்த்ததும் இதே முகங்களைத்தானே. போனைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது.

இன்று உன் பொட்டலத்தைப் பிரித்தேன். ஷெல்டருக்குள் இருக்கும் இணையப் பெட்டியிலிருந்து உன் நீல ஒயரை இழுத்து, ஹாலில் புது ரௌட்டரை வைத்தேன். ஒயர் வாசலைத் தாண்டி வருவதால் அந்தக் கதவை இனி முழுசாகச் சாத்த முடியாது. கூடு கலைந்த கரப்பான்கள் அந்த இடுக்கு வழியாக ஹாலுக்கு வருகின்றன. "ஒயர எடுத்துடுங்கப்பா, ப்ளீஸ்," என்று மகள் அலறுகிறாள். எடுக்கமாட்டேன். துடைப்பத்தோடு ஷெல்டர் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.