அண்ணை சொல்லித் தந்த பொய்

17 யூன் 1997, செவ்வாய்

காலையில் ஹொங்கொங்கிலிருந்து அண்ணை போன் எடுத்தார். அந்தப் பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நாங்கள் இருவரும் அங்கேதான் பிறந்தோம். எங்கள் பாஸ்போட் பிரிட்டிஷ் பாஸ்போட்தான், ஆனால் அதைக் கொண்டு பிரிட்டனில் குடியிருக்க முடியாது. அடுத்த மாதம் ஹொங்கொங் சீனாவின் கைக்குப் போகிறது. சீனர் அல்லாத எங்களைச் சீனாவும் தன் பிரஜைகளாக ஏற்காது.

"எங்களைப் போல ஆக்களுக்கு முழுப் பிரிட்டிஷ் குடியுரிமை குடுக்கச் சட்டம் வந்திட்டுது. ஆனா பெப்ரவரியில இங்க குடியிருந்திருக்க வேணும்," என்றார் அண்ணை. "சும்மா சுத்திப் பாக்கத்தான் ரொறன்ரோ போனனான் எண்டு எழுதிக் குடு. ஆர் தேடிப் பாக்கப் போகினம்?"

ரொறன்ரோவில் இந்த வோபர்ன் பகுதிக்கு வந்து நான்கு வருடம். என் மகள் இங்கேதான் நடை பழகினாள். அதையெல்லாம் சுற்றுலா என்று எழுத எனக்குக் கை வராது.

"மாட்டன் அண்ணை. இங்க குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிட்டன்."

"அது கிடைக்காட்டி?"

"கிடைக்கும்."

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ தெரியாது. கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் சொன்ன பிறகு பயம் இல்லை.

"நீங்கள் அந்தக் குடியுரிமையோட லண்டனுக்குப் போங்கோ. கனடாப் பாஸ்போட்டோட நான் பாக்க வாறன்."

அண்ணை சிரித்தார். "வந்தா எத்தினை நாள் நிப்பாய்?"

"ரெண்டு கிழமை. பிறகு வீட்டை வரவேணுமெல்லோ."

"ஓம், வீட்டை போகத்தானே வேணும்," என்றார் அவர். நான் எதை வீடு என்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.