பிறை பார்க்கக் கொடைக்கானலுக்கு

கோட்டைமேடு, கோவை.

அன்பு மகள் மிஸ்பாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் அம்மா, உன் தம்பி ஆரிஃப், நான் மூவரும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிடும், அதனால்தான் காகிதம்.

போத்தனூர் அப்துல் வஹீது பாய் தன் மகன் அர்ஷத்துக்கு உன்னைப் பெண் கேட்டது உனக்குத் தெரியும், நீயோ ஜெர்மனியில் இன்னும் மூன்று வருடம் சூரிய ஆராய்ச்சி என்கிறாய். "படிப்பை நிறுத்திட்டு வரச்சொல்லுங்க பாய், சூரியனைப் பாத்துப் பொண்ணு என்னங்க பண்ணப்போவுது" என்றார் அவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவும் வேண்டுமாம். அவருக்குப் பதில் சொல்லுமுன் நீ செய்வது என்னதான் என்று பார்த்துவிடலாமென்று சனிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுத கையோடு ஆரிஃபைக் கார் எடுக்கச் சொல்லிக் கொடைக்கானல் வானாய்வகத்துக்குக் கிளம்பினோம், அம்மா தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டாள். அன்று பிறை இருபத்தொன்பது வேறு, சாயங்காலம் புதுப் பிறை தேடுகிற நாள், இருட்டும்வரை இருந்தால் அங்கேயே பிறை பார்த்து ஜமாத்துக்கு முதல் ஆளாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. அங்கிருந்த ஊழியரிடம் "பிறை பாக்க எத்தனை மணிக்குங்க உடுவீங்க" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் "இந்த டெலஸ்கோப்புல சூரியன் மட்டும்தாங்க தெரியும்" என்றார். ஆரிஃப் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்னும் அடங்கவில்லை.

சூரியனும் தெரியவில்லை, ஒரே மேகம். போகலாம் என்றேன், அம்மா "என்ற புள்ள பாக்கறதைப் பாக்காம வரமாட்டனுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து வெயில் வந்தது, டெலஸ்கோப் வழியாக வெள்ளைப் பலகையில் தட்டு அளவுக்குச் சூரியன் விழுந்தது, அதில் கடுகு மாதிரி இரண்டு கரும்புள்ளி. அந்தக் கடுகு ஒவ்வொன்றும் நம் பூமியை விடப் பெரியதாம், நூறு வருடத்துக்கு மேலாக வெயில் அடிக்கிற நாளெல்லாம் படம் எடுத்து வைக்கிறார்களாம். மேகம் மூடினால் என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டாள், காத்துக்கொண்டு நிற்போம் என்றார் அந்த ஊழியர். "நம்ம புள்ளையும் அங்க இப்படித்தான் தனியா நின்னுட்டிருக்கும்" என்று அம்மா அழுதுபோட்டாள். எனக்கும் கண் கலங்கியது, எழுத வெட்கமில்லை.

திரும்பும்போது பழனியில் காரை நிறுத்தி வஹீது பாயைக் கூப்பிட்டேன். "அவ படிப்பை முடிச்சுட்டுத்தாங்க வருவா, காத்திருக்க முடியலைன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காம வேற எடம் பாருங்க" என்றேன். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், மறுநாள் காலையில் கூப்பிட்டு, பையன் காத்திருக்கிறேன் என்கிறான் என்றார். அம்மா உடனே சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டாள், நான்தான் பொறு என்றேன். அவர் தன் மகனைக் கேட்டார். நான் உன்னை ஒருநாளும் கேட்கவில்லை கண்ணு. இப்போது கேட்கிறேன், அர்ஷத் உனக்குச் சம்மதமா? வேண்டாம் என்றாலும் கோபப்பட மாட்டேன்.

அல்லாஹ் உன் கல்வியிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்காதே.

உன் பதில் எதுவானாலும் அதற்குச் சம்மதிக்கும்,
அத்தா
மைதீன் பிச்சை