காலியாக விட்ட கட்டம்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்தே தூறல். தாம்பரம் மேம்பாலத்தில் அரை மணி நேரம். லேபுக்கு வருவதற்குள் புடவைக் கரையெல்லாம் சேறு.

வாங்க: மைக்ராஸ்கோப் பல்ப், கொத்தமல்லி, கேக்குக்கு ஊறவைக்க திராட்சை.

மைக்ராஸ்கோப்பில் பதினொரு பயாப்சித் துண்டுகள். ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அஞ்சலை, 62, கோவளம் பக்கம் மீன் விற்பவர். மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடம். இப்போது ரத்தப்போக்கு, கருப்பை வாயில் கெட்டியாக ஒரு கட்டி. அனுப்பியவள் டாக்டர் மெர்சி, என்னோடு படித்தவள். ‘கேன்சர்?’ என்று எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடாம்.

எனக்கோ ஒரு புற்று செல்கூடக் கிடைக்கவில்லை. எங்கும் சீழ். போனில் சொன்னால், “இன்னொரு தடவ நல்லா பாருடி” என்கிறாள். இதுவரை என்ன கண்ணை மூடிக்கொண்டா பார்த்தேன்?

நவ. 5, செவ்.
வெயில். அதே துண்டை இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னேன். சீழுக்கு நடுவே நூல் சிக்கு மாதிரி ஒரு நீலக் கொத்து. ஆக்டினோமைசிஸ் கிருமி. இந்த இடத்தில் இதைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. சின்னப் பிள்ளை போல சந்தோஷம்.

பெரும்பாலும் கருத்தடைக்கு வைக்கும் காப்பர்-டி வருடக்கணக்கில் கருப்பைக்குள்ளேயே தங்கினால்தான் இது வரும். பயாப்சியோடு வந்த படிவத்தை எடுத்தேன். ‘கருத்தடை’ கட்டம் காலி. கீழே பொடி எழுத்தில்: மாதவிடாய் நின்றவர்களுக்குத் தேவையில்லை. படிவம் தயாரித்த மகராசி யார்? நான்தான்.

நவ. 6, புதன்
நோயாளிகளின் முகம் பார்க்கிற வேலை இல்லை என்னுடையது. இன்று மெர்சியின் ஓ.பி.யில் போய் உட்கார்ந்தேன். அஞ்சலை மகளோடு வந்தார். மகளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காப்பர்-டி வைத்ததுண்டா என்று கேட்டேன். மகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பதில்.

“சின்னவ பொறந்தப்போ வச்சாங்க. அப்பால அவுரு பூட்டாரு. அது உள்ளாரவே கீது. புருசன் இல்லாதவ அத்த யாராண்ட போய் சொல்றது?”

ஸ்கேனில் தெரிந்தது. மெர்சி எடுத்துவிட்டாள். “நானும் கேக்கலடி” என்றாள் மெதுவாக. இரண்டு பேரும் காபி குடித்தோம். வெட்கமாக இருந்தது.

நவ. 8, வெள்ளி
நல்ல மழை. கிருமியைக் காட்டும் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தும் அதே கிருமி. ரிப்போர்ட்டில் ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதி கையெழுத்துப் போட்டேன். பென்சிலின், சில மாதங்கள். பிறகு மறுபடி பயாப்சி. கேன்சர் ஆஸ்பத்திரி வேண்டாம். படிவத்தில் அந்தப் பொடி வரியை அடித்தாயிற்று. திராட்சை இன்னும் வாங்கவில்லை.

விஷயத்தைச் சொல்ல நானும் போனேன். மகள் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அஞ்சலை அழவில்லை. இனி எங்கே திரும்பப் போகிறோம் என்று, மார்க்கெட்டில் தான் உட்காரும் இடத்தைப் போன வாரமே பக்கத்து வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

“அப்போ அவள எழுந்திருன்னு சொல்லலாமா, டாக்டரம்மா?”

சொல்லுங்கள் என்றேன்.