பார்க்காமல் இறங்கி வந்தது

ஆடி 4, ஞாயிறு. விடியலிலிருந்து சாரல்.

ஒரு பொய் சொல்லிவிட்டேன். லடாக்கில் முத்துவைப் பார்த்தேன் என்று பெண்டாட்டி மாரியிடம். பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, பட்டாளத்து மகனைப் பார்க்கவென்று போய், போன அன்றே தலைவலி. நம்ம ஊர்த் தலைவலி இல்லை. உள்ளே ஆள் உட்கார்ந்து அம்மி கொத்துகிற மாதிரி. அங்கே டாக்டர், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, படுங்கள், குளிக்காதீர்கள் என்றார். குற்றாலத்தில் முப்பது வருஷம் ஊரார் தலைக்கெல்லாம் எண்ணெய் தேய்த்தவன் கேட்பேனா? நல்லெண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளியல். சாயங்காலம் வாந்தி, ஆக்சிஜன். மறுநாள் காலை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். முத்து மேல்முகாமிலிருந்து வந்து சேர்ந்தது மத்தியானம்.

"புள்ள மெலிஞ்சிருக்கானா?"

"உன்ன மாதிரி குண்டாவா இருப்பான்?"

சிரித்தாள். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஆடி 5. மெயின் அருவியில் நல்ல கூட்டம். எண்ணெய்க்கு ஏழு பேர். மதுரைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, தேச்சா தலைவலி போயிருமா?"

"போவலன்னா தலைய இங்கனயே வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோருக்கும் சிரிப்பு.

என் வலி விமானம் இறங்கியதுமே போய்விட்டது. இன்னும் வலித்தாலாவது ஒரு சாக்கு இருக்கும்.

தென்காசியில் வாங்க: சீயக்காய், துண்டு 2, மாரிக்கு முட்டுவலித் தைலம்.

ஆடி 7. முத்து போன். மாரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அப்பாக்குத் தலைவலி எப்படிம்மா இருக்கு? நான் வருததுக்குள்ள பிளேன் ஏறிட்டாவளே."

இனி லீவு தைக்குத்தானாம். மேலே போனால் போனும் கிடையாதாம்.

வைத்துவிட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நான் போயிருந்தா, தலை வெடிச்சாலும் புள்ளயப் பாத்துட்டுதான் வந்திருப்பேன்."

அவ்வளவுதான். பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தேடினேன். அவள் சொன்னது சரி. அவள் போயிருப்பாள், பார்த்திருப்பாள்.

ஆடி 8. சாரல் இல்லை. வெயில். அச்சன்புதூர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் லீவு முடிந்து நாளை லடாக் திரும்புகிறார். அவரிடம் முத்துவுக்கு முறுக்கு கொடுத்துவிட வேண்டும். மாரி இன்னும் பேசவில்லை. முறுக்கு போட, பரண் மேலிருந்த தகர டப்பாவைக் கையால் காட்டினாள். ஏணி வைத்து ஏறினேன். நாலாவது படியில் தலை சுற்றியது. டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கால் இட்லி மாவுப் பானைக்குள். ராத்திரிக்கு உப்புமா.