பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடு

பாலவனத்தம்
மார்கழி 20 (4-1-1974)

சௌபாக்கியவதி மகள் கோகிலாவுக்கு அம்மா தங்கத்தாய் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீ கடைசியாகப் போட்ட நாலு பக்கக் காகிதத்தில் எனக்கென்று இருந்தது ஒரே வரி, அதுவும் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னது. மீதி முழுக்கச் சனிக்கிரகத்தின் வளையம். சனிக்கிரகம் சுகமாக இருப்பது தெரிந்து எனக்கும் சந்தோஷம்தான்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது, கரிசலில் கொத்தமல்லி பூத்து நிற்கிறது. சீனிதான் ரேஷன் கடையிலும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, நான் கருப்பட்டிக் காப்பிக்கே மாறிவிட்டேன். எதிர்வீட்டு மாரிக்கனி மகளுக்கு எம்.ரெட்டியபட்டியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், தை பிறந்ததும் பூ வைக்கிறார்கள். அப்பா எப்போதும்போலக் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு நம்ம மல்லி, மிளகாய் வத்தல் கடைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டரை பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறார். நீ போடும் காகிதமும் கடை விலாசத்துக்குத்தான் வருகிறது, பஸ்ஸிலேயே இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கோகிலா, எனக்குப் பொறாமை. ஐம்பது வயதில், கட்டின புருஷன் மேல், பெற்ற மகளின் காகிதத்துக்காகப் பொறாமை. நீ கல்யாணமாகிப் போன புதிதில் வாரம் தவறாமல் எழுதுவாய், எல்லாம் கேள்விதான். புளிக்குழம்பு ஏன் கசக்கிறது, துவையலுக்குப் பருப்பை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கிறது என்ன கொடுக்கலாம் என்று. மேலே கடை விலாசம் இருந்தாலும் உள்ளே அன்புள்ள அம்மாவுக்கு என்றுதான் ஆரம்பிக்கும். அப்பா அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன் மகளுக்கு உப்பு புளியை விட்டால் வேற ஒண்ணும் தெரியாதோ என்பார், அப்போது பொறாமை அவருக்கு. பிறகு உனக்குச் சமையல் பழகிவிட்டது, பிள்ளைக்கும் டாக்டர் இருக்கிறார். நல்லதுதான், ஆனால் என்னிடம் கேட்க உனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட பழைய டெலஸ்கோப்பைக் கப்பலில் ஊருக்கு வந்த நம்ம சங்கையாவிடம் கொடுத்து அப்பாவுக்கு அனுப்பி வைத்தாய். அன்றையிலிருந்து காகிதமெல்லாம் அன்புள்ள அப்பாவுக்கு.

அவர் பழகின லட்சணத்தை உனக்கு எழுதியிருக்க மாட்டார், நான் எழுதுகிறேன். முதலில் பகலில் தூரத்துப் பொருளைப் பார்த்துப் பழகுங்கள், முதுகில் இருக்கிற சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி திருகி வையுங்கள் என்று நீ சொன்னாய். அவர் கண்மாய்க் கரைப் பனைமரத்தைப் பார்த்தார், பனை தலைகீழாக நின்றது. கப்பலில் உருட்டி உடைத்துவிட்டான்கள் என்று உனக்குத் தந்தி அடிக்கக் கிளம்பிவிட்டார், சங்கையாதான் அது அப்படித்தான் தெரியும் அண்ணாச்சி, வானத்துக்குத் தலை ஏது கால் ஏது என்று சமாதானம் சொன்னார். அடுத்த வாரம் நட்சத்திரமெல்லாம் பஞ்சு மாதிரி மங்கித் தெரிகிறது, கண் வேறு எரிகிறது என்று உனக்கு எழுதினாரே, நீயும் பனி எப்படிக் கண்ணாடியில் படியும் என்று இரண்டு பக்கம் எழுதினாயே, அது பனியும் இல்லை ஒன்றும் இல்லை. கடையில் வத்தல் மூட்டைக்குள் விட்ட கையோடு வந்து, கண் வைக்கும் வில்லையைத் திருகியிருக்கிறார், தலையில் தடவிய எண்ணெயும் சேர்ந்து அதில் அப்பியிருந்தது. எனக்குப் பார்த்த அன்றே தெரியும். இரண்டு நாள் எரியட்டும் என்று விட்டுவிட்டு, பிறகுதான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றேன். வில்லையையும் நீ எழுதிய மாதிரி அழுத்தாமல் பஞ்சால் ஒற்றி எடுத்தது நான்தான். எரிச்சல் நின்றதும் கோகிலா சொன்ன வைத்தியம் பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வியாழனுக்குப் பக்கத்தில் நாலு நிலாவைக் காட்டினதில் தெருவே அவர் பின்னால். மாரிக்கனியைக் கூப்பிட்டார், அவள் மகளைக் கூப்பிட்டார், என்னை மட்டும் ஒருநாளாவது வந்து பார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுப்பில் வேலை கிடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். மொட்டைமாடியில் வத்தல் காயப்போடும் தட்டட்டியில் பாதி இடம் போய்விட்டது. அதுக்குப் போர்த்தி வைப்பது எதை என்று நினைக்கிறாய், நீ எடுத்துக் கொடுத்த என் சின்னாளபட்டுச் சேலையை!

அப்புறம் வந்தது வால்நட்சத்திரம். பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள், விடிவதற்கு முன்னால் கிழக்கே தெரியும் என்று. அப்பா ஊரையே அழைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன், போர்வையும் துண்டுமாகத் தட்டட்டி நிறைய ஆட்கள். விடிகிறவரைக்கும் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாலும் இல்லை தலையும் இல்லை. வாலு இந்நேரம் விருதுநகரைத் தாண்டியிருக்கும் அண்ணாச்சி, அடுத்த பஸ்ஸுல போய்ப் பிடிச்சிரலாம் என்று அடுத்த தெருச் சங்கரபாண்டியன் சொல்ல எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மேலே ஏறுவதையும் விட்டுவிட்டார். உனக்கும் அதனால்தான் இரண்டு வாரமாக எழுதவில்லை.

மூன்றாம் பிறை அன்று விளக்கு வைத்துவிட்டுப் பிறை பார்த்துக் கும்பிட மேலே போனேன். அப்பா வர இன்னும் நேரம் இருந்தது. குழாய் என் சேலைக்குள்ளே நின்றது, எடுத்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் நீ அவருக்கு எழுதினதெல்லாம் எனக்கு மனப்பாடம். முதலில் குறைவாகப் பெரிதாக்கும் வில்லையைப் போட வேண்டும், சின்னக் குழாயில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், தொட்டால் ஆடும், கையை எடுத்துவிட்டு ஆட்டம் நிற்கிறவரை பொறுக்க வேண்டும். பேர் யாருடையதாக இருந்தாலும் எழுத்து உன்னுடையதுதானே. பிறை கிடைத்தது, கோகிலா. ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அதற்கு மேலே பளீரென்று நின்ற வெள்ளிக்குக் குழாயைத் தூக்கினேன். அதிலும் பிறை! நிலா குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து முந்தானையால் வெளியே தட்டிக்கூடப் பார்த்தேன், சிரிக்காதே. மேடு பள்ளம் ஒன்றும் இல்லாமல், நகம் வெட்டிப் போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று குட்டிப் பிறை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மேலே நிலா நாளுக்கு நாள் வளர்கிறது, இது நாளுக்கு நாள் இளைக்கிறது. இளைக்க இளைக்க நீளம் மட்டும் கூடுகிற மாதிரி இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எப்போதும்போல நட்சத்திரம்தான். அப்பா பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வெள்ளியும் இறங்கிவிடும், அதனால் இதை அவர் பார்க்கவே இல்லை.

சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும், எனக்குத் தெரியும். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, சங்கரபாண்டியனை முதல் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் துண்டை உதறிக்கொண்டு மாடிப் பக்கம் திரும்பாமல் படுக்கப் போவதைப் பார்த்து இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அன்றைக்கே உனக்கு எழுதிவிடுவார், நீயும் அன்புள்ள அப்பாவுக்கு என்று நாலு பக்கம் எழுதுவாய். அதனால் விழுங்கிவிட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். வெள்ளிக்கும் பிறை உண்டா? இது இப்படியே தேய்ந்து இல்லாமல் போய்விடுமா, போனால் திரும்பி வருமா, எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி, நான் உனக்குக் குழம்புப் பக்குவம் எழுதின மாதிரி, ஒன்றையும் விடாமல் எழுது. உன் காகிதம் வந்த பிறகு நானே அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து, பிள்ளை குட்டிகளோடு நீடூழி வாழ வேண்டும். பேரனுக்கு அம்மாச்சி முத்தம் கொடுத்ததாகச் சொல். குளிரூட்டிய பெட்டியில் வைத்த சோற்றை அவனுக்குக் கொடுக்காதே. மறந்துவிடாதே, கடை விலாசம் வேண்டாம். திருமதி தங்கத்தாய், பாலவனத்தம் என்று என் பேரிலேயே போடு. இத்தனை வருஷத்தில் என் பேருக்கு ஒரு காகிதமும் வந்ததில்லை, தபால்காரருக்கு அது யார் என்று தெரியாவிட்டால் தெருவில் விசாரித்துக்கொண்டு வரட்டும், நாலு பேர் காதில் விழட்டும். சீக்கிரம் எழுது, அது இளைத்துக்கொண்டே போகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கத்தாய்